எதையும் மறுக்காத மண்

ஐப்பசி மழை பதினோரு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில், மாச்சினப்பள்ளி நர்சரியின் மாங்கன்றுப் பாத்திகளின் மேல், அரிசி களைந்த தண்ணீரை யாரோ ஊற்றிவிட்டுப் போனதுபோல வெள்ளையாக ஒரு பூஞ்சை படர்ந்திருந்தது. ஊறவைத்த வெந்தயத்தின் வாடை அதிலிருந்து வந்தது. அன்றைக்குத் தொடங்கி அந்த ஊரில் எதுவும் எதையும் வேண்டாம் என்று தள்ளவில்லை.

முதலில் தெரியவந்தது கன்றுகளில்தான். கன்றின் தலையை நறுக்கி, தண்டின் நடுவில் பிளந்து, நல்ல சாதி மரத்தின் குச்சியை ஆப்புப்போலச் சீவி அந்தப் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் கட்டி வைத்தால், நூற்றுக்கு எழுபது பிடித்தாலே நல்ல கை என்று பெயர். அந்த மாதம் நூற்றுக்கு நூறு பிடித்தது. நர்சரியின் சொந்தக்காரரும் பஞ்சாயத்துத் தலைவருமான திம்மராயன் அதைத் தன்னுடைய ராசி என்று நினைத்துக்கொண்டு முனியப்பனுக்குத் தேங்காய் உடைத்தார். அப்புறம் கைதவறி மாங்கன்றில் கட்டிய சப்போட்டாக் குச்சி துளிர்விட்டது. முட்டுக்கொடுத்த மூங்கில் கன்றோடு சேர்ந்துகொண்டு தானும் இலைவிட்டது. அண்ணன் வேலியின் கிளுவையும் தம்பி வேலியின் கொய்யாவும் உரசி உரசி ஒரே மரமாகிவிட, எல்லை எதுவென்று பார்க்க வந்த சர்வேயர் இரண்டு தடவை இளநீர் குடித்துவிட்டு இரண்டு தடவையும் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

மனிதர்களுக்கும் அது மெல்ல வந்து சேர்ந்தது. தை மாதம் கல்யாணமான பெண்ணின் சடையில் வைத்த முல்லைச்சரம் அங்கேயே வேர்விட்டு ஏழு வெள்ளிக்கிழமை பூத்தது, மாமியார்க்காரி பூக்காரியை நிறுத்திவிட்டாள். டீக்கடையில் அடித்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவனுக்கு உதடும் மற்றவனுக்கு முஷ்டியும் கிழிந்து, கிழிந்த இடமும் கிழிந்த இடமும் பட்டு அப்படியே ஒட்டிக்கொள்ள, மூன்று நாள் இருவரும் ஒரே கட்டிலில் கிடந்தார்கள், இரண்டு பெண்டாட்டிகளும் முறைவைத்துக் களி உருட்டி ஊட்டினார்கள். நாலாம் நாள் பிரிந்தபோது சண்டை போடுவதற்கு அவர்களிடம் பாக்கி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் முட்டி சிராய்த்த பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். வெயில் ஏறுமுன் வீடு வந்து சேர் என்று சொல்வதுபோல, காயத்தோடு காயம் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி ஆட்களை வெளியே அனுப்பினார்கள். இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஊர் என்று இருந்தால் ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்யும்.

சாலம்மா மட்டும் அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு நின்றாள். அவள் அந்த நர்சரியில் இருபது வருஷமாக ஒட்டுக் கட்டுகிறவள். அங்கே ஒட்டுக் கட்டும் பெண்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம்: சீவிய குச்சி காற்றில் காய்ந்துவிடக் கூடாது, கன்றைப் பிளக்கவும் நாடாவை இழுக்கவும் இரண்டு கையும் வேண்டும், ஆகவே குச்சியை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் முப்பது பெண்கள் முப்பது குச்சிகளைக் கவ்விக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் பாத்தியின் இந்தக் கோடியில் இருந்த சாலம்மாவும் அந்தக் கோடியில் இருந்த அவள் தங்கை சென்னம்மாவும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது வேலை நேரத்தில் ஒருத்தர் கண்ணிலும் உறுத்தவில்லை.

அவர்களுடைய அம்மா சென்னம்மாவின் வீட்டில் கிடந்து செத்தாள். சாலம்மா கன்று ஏற்றிய லாரியோடு காவேரிப்பட்டணம் போயிருந்த நாள் அது. அவள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது பாடையைத் தூக்கிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் சென்னம்மா, "வர்றதுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அதற்குச் சொல்ல சாலம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. கேட்ட விதம் அப்படி இருந்ததால் அவள் சொல்லவில்லை, வாயை மூடினாள், மூடினது மூடினதுதான்.

ஆறாம் வருஷம் சென்னம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. யாருடையது பொருந்தும் என்று பார்த்ததில் சாலம்மாவுடையதுதான் பொருந்தியது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் கைநாட்டு வைத்து, ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, இருவரும் ஒரே பஸ்ஸில் முன் வாசலில் ஒருத்தியும் பின் வாசலில் ஒருத்தியும் ஏறி ஊர் திரும்பினார்கள். மூன்று வருஷம் ஓடிய பிறகு தங்கையின் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தை வேண்டாம் என்று தள்ள ஆரம்பித்தது. டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள், பிறகு மாற்றினார்கள், அப்புறம் உதட்டைப் பிதுக்கினார்கள். வாயால் சேராததை வயிற்றில் வைத்தால் சேருமா என்று ஊரில் இரண்டு பேர் பேசியது சாலம்மாவின் காதுக்கு வந்தது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அந்த நிலையில்தான் பூஞ்சை வந்தது. கார்த்திகையில் ரத்தம் பரிசோதித்தபோது சென்னம்மாவின் உடம்பு தள்ளுவதை நிறுத்தியிருந்தது. மார்கழியில் முகத்தில் வீக்கம் வடிந்து அவள் பழைய ஜாடைக்கு வந்தாள். தெருவில் எதிரே வரும் தங்கையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு சாலம்மா நர்சரிக்குப் போய், யாரும் இல்லாத பாத்தி ஓரம் குனிந்து, அந்த வெள்ளையை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாசி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து எஸ்தர் என்கிற பூஞ்சை ஆராய்ச்சிக்காரம்மா ஜீப்பில் வந்து இறங்கினாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, குடையை மறந்துவைக்கிறவள், எதைப் பார்த்தாலும் முகர்ந்து பார்க்கிறவள். பூட்டிக் கிடந்த கால்நடை மருந்தகத்தைக் கழுவி ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டாள். கை நடுங்காத ஆள் ஒருத்தர் வேண்டும் என்று கேட்டபோது திம்மராயன் சாலம்மாவை அனுப்பி வைத்தார். பாத்தி மண்ணை ஊறவைத்து, வடித்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டின் அடி ஓரத்தில் வைத்து, தகட்டை ஒரு திரவத்தில் நிறுத்தினால், திரவம் மேலேறும்போது சொட்டும் பிரிந்து பிரிந்து ஏறும். நீல விளக்கில் பார்த்தால், தகட்டில் ஒரு விரற்கடை உயரத்தில் குங்குமப்பூ நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். அந்தப் பொட்டுத்தான் இத்தனையும் செய்கிறது என்றாள் எஸ்தர்.

"இந்தப் பூஞ்சையால தனியா வாழ முடியாது, சாலம்மாக்கா. வேரோட வாழணும், பூச்சியோட வாழணும். அதுங்க தன்னை வெரட்டிரக் கூடாதுன்னு இந்தப் பொருளைச் சுரக்குது. இது பட்ட இடத்துல, நான் வேற நீ வேறங்கற ஞாபகம் உடம்புக்குக் கொஞ்சம் மங்கிப்போவுது."

சாலம்மா தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனூண்டு பொட்டா என் தங்கச்சியை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் விருந்தாளிக்குத் திறந்த கதவில் திருடனும் நுழைவான் இல்லையா, பங்குனிக்குப் பிறகு அது நடந்தது. தண்டைத் துளைக்கும் புழுவுக்கு மாமரங்கள் ஒரு சொட்டுப் பிசின்கூடக் கசியவிடாமல் இடம் கொடுத்தன. சித்திரையில் வந்த சளி ஆனி வரைக்கும் ஒரு வீட்டையும் விட்டுப் போகவில்லை. குதிகாலில் ஏறிய முள் சீழ் பிடிக்காமல், வெளியேயும் வராமல், அங்கேயே குடித்தனம் நடத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்தியில் சாலம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் கௌரியின் எட்டு மாதக் குழந்தைக்கு வந்த காய்ச்சல் போகவே இல்லை. அது அழுவதையும் விட்டுவிட்டது. வந்த எதையும் எதிர்க்கத் தெரியாத உடம்போடு, சூடாக, சாதுவாக, தாயின் தோளில் கிடந்தது.

பஞ்சாயத்துக் கூடியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தால் இரண்டு நாளில் பூஞ்சை செத்துவிடும், இது நர்சரி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தெளித்தால் சென்னம்மாவின் கதி என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். கௌரி குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாலம்மா எழுந்து, ஆடிப்பெருக்கு வரைக்கும் பொறுங்கள், எஸ்தர் டாக்டரம்மா குடுவையிலேயே அதை வளர்த்துப் பொட்டை மருந்தாகப் பிரித்து எடுத்துவிட்டால் அப்புறம் நானே என் கையால் தெளிக்கிறேன் என்றாள். சொல்லும்போது அவளால் குழந்தையைப் பார்க்க முடியவில்லை. ஆடிப்பெருக்குக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது.

பூஞ்சை குடுவையில் நன்றாகத்தான் வளர்ந்தது. கஞ்சி ஊற்றினால் வளர்ந்தது, வேகவைத்த மாங்குச்சித் துண்டுகளைப் போட்டால் அவற்றின் மேல் பஞ்சுபோல வளர்ந்தது. பொட்டு மட்டும் விழவில்லை. தினமும் பத்து மணிக்கு ஊரே மருந்தகத்து வாசலில் வந்து நின்று, விழுந்ததா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கலைந்து போனது. எஸ்தர் மேலும் மேலும் சுத்தமாக்கினாள். கையை ஸ்பிரிட்டில் கழுவச் சொன்னாள், வாயைத் துணியால் கட்டச் சொன்னாள், நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் குடுவையைத் திறக்கவேண்டும் என்றாள். பன்னிரண்டாம் நாள் வேர்த்து ஒழுகியதால் சாலம்மா வாய்த்துணியைக் கழற்றி வைத்திருந்தாள். ஒரு கையில் குடுவை, ஒரு கையில் அடைப்பான். வேகவைத்த குச்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை, இருபது வருஷத்துப் பழக்கம், உதட்டில் கவ்விக்கொண்டாள். உள்ளே போட்ட பிறகுதான் உறைத்தது. எச்சில் பட்ட குடுவை கெட்டுப்போன குடுவை. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அதை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

ஏழாம் நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெந்தய வாடை வந்தது. எதையும் முகர்ந்து பார்க்கிறவள் விடுவாளா? எஸ்தர் குடுவையை வெளியே எடுத்து, ஒரு சொட்டைத் தகட்டில் ஏற்றினாள். மங்கலாக, அழித்த கோலம்போல, ஒரு பொட்டு இருந்தது. இதற்கு என்ன செய்தாய் என்று அவள் கேட்க, சாலம்மா தலையைக் குனிந்துகொண்டு வாயைத் தொட்டுக் காட்டினாள். எஸ்தர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அத்தனை சுத்தமாக, அத்தனை தனியாக வைத்திருந்தால் அது யாரிடம் சமாதானம் பேசும், யாருக்காகச் சுரக்கும் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

ஒரு வாய்க்கு மங்கலான பொட்டு என்றால் இரண்டு வாய்க்கு? ஊர் வரிசையில் நின்றது. இரண்டிரண்டு பேராக ஆளுக்கொரு குச்சியைக் கவ்வி ஒரே குடுவையில் போட்டார்கள். புருஷன் பெண்டாட்டி குடுவைகளில் ஒன்றுமே விழவில்லை. அங்கே பூஞ்சைக்கு வேலையே இல்லை, எல்லாம் ஏற்கெனவே பழகிப் புளித்துக் கிடந்தது. மாமியார் மருமகள் குடுவையில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக விழுந்ததில் இரண்டு பேருக்கும் கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. டீக்கடையில் அடித்துக்கொண்டவர்கள் இப்போது சிநேகிதர்களாகிவிட்டதால் சுத்த வெறுமை. வேலித் தகராறு அண்ணன் தம்பிக்குக் கொஞ்சம் தேவலை. எவ்வளவுக்கெவ்வளவு ஒட்டாத ஆட்களோ அவ்வளவுக்கவ்வளவு அழுத்தமான பொட்டு என்று எஸ்தர் சொன்னதும், வாசலில் நின்ற கூட்டம் முழுக்க சாலம்மாவைப் பார்த்தது. அவள் உள்ளே போய்க் கழுவின குடுவையையே திரும்பக் கழுவினாள்.

சென்னம்மாவை யாரும் கூப்பிடவில்லை. ஆடி பத்தாம் தேதி அவளாகவே வந்தாள். வழியில் கௌரி வீட்டுக்குள் போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே வந்தாள் என்று பின்னால் தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த ஒரு குச்சியை எடுத்துக் கவ்வினாள். சாலம்மாவும் ஒன்றைக் கவ்வினாள். ஒரு பாத்தியின் இரண்டு கோடியில் ஒன்பது வருஷம் கவ்விய உதடுகள் ஒரு முழ தூரத்தில் எதிரும் புதிருமாக இருந்தன. இரண்டு குச்சிகளும் குடுவையில் விழுந்த பிறகு சென்னம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏழாம் நாள் விழுந்த பொட்டைப் பார்க்க நீல விளக்கே தேவைப்படவில்லை.

மறுநாள் ஆடிப்பெருக்கு. விடிந்ததும் சாலம்மா தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, மயில்துத்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக, ஒரு மூலை விடாமல், கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த வெள்ளையின் மேல் தெளித்தாள். அழுதுகொண்டே தெளித்தாள், யாரும் தடுக்கவில்லை. சப்போட்டாக் குச்சி மாங்கன்றிலிருந்து உதிர்ந்தது. மூங்கில் மறுபடி கம்பானது. கிளுவையும் கொய்யாவும் பிரிந்து எல்லை வெளியே வர, அண்ணனும் தம்பியும் சந்தோஷமாக சர்வேயருக்கு மனு எழுதினார்கள். ஒன்பதாம் நாள் கௌரியின் குழந்தை காய்ச்சல் விட்டு வீறிட்டு அழுதது. கௌரி அதைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய் எல்லோரையும் கேட்கச் செய்தாள்.

பொட்டின் சாற்றை எஸ்தரும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களும் சேர்ந்து வடித்து, அளந்து, காலையில் ஒரு சொட்டு என்று சென்னம்மாவுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரகம் நின்றது. திருடன் நுழையாமல் விருந்தாளி மட்டும் இருக்கும் அளவுக்கு அந்த ஒரு சொட்டு சரியாக இருந்தது. ஆனால் ஒரு குடுவை ஒரு வாரத்துக்குத்தான் சுரந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் மருந்தகத்துக்கு வந்து, குச்சியைக் கவ்வி, போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் ஊருக்குப் பயம் பிடித்தது. இவர்கள் சேர்ந்துவிட்டால்? சேர்ந்தவர்கள் குடுவையில் ஒன்றும் விழாது என்பது ஊரறிந்த விஷயம். ஒரு வீட்டு விசேஷத்துக்கு அக்காவைக் கூப்பிட்டால் தங்கையைக் கூப்பிடாமல் விட்டார்கள். ஒருத்தி தண்ணீர் பிடிக்கும்போது இன்னொருத்தியை வழியிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு சண்டையை அந்த ஊர் அத்தனை பாசத்தோடு பார்த்துக்கொண்டதே இல்லை. திம்மராயன் சாலம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக நினைக்காதே, தயவுசெய்து சமாதானமாகிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். சரி தலைவரே என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சென்னம்மா முதன்முதலில் முகம் வீங்கி நின்ற நாளிலிருந்தே அவளுக்குத் தங்கையோடு பேசவேண்டும் என்றுதான் இருந்தது. இப்போது பேசினால் தங்கை செத்துப்போவாள்.

அடுத்த ஐப்பசி வந்தது, இந்தத் தடவை மழை நாலே நாள்தான். உடம்பு தேறிய சென்னம்மா நர்சரிக்குத் திரும்பினாள். அவளுடைய பழைய கோடியில் இடம் இல்லை, காலியாக இருந்த ஒரே இடம் சாலம்மாவுக்குப் பக்கத்தில். உட்கார்ந்தாள். முப்பது பெண்களும் குச்சியைக் கவ்விக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். பத்து மணி வாக்கில் சென்னம்மா பக்கத்தில் அக்கா நாடா கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயிலிருந்த குச்சியைக் கையில் எடுத்தாள்.

"ரொம்ப இறுக்கறே. கன்னு கழுத்து அறுந்துடும்."

பாத்தி முழுக்கக் கைகள் நின்றன. சாலம்மாவின் உதட்டில் குச்சி இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு குனிந்து வேலையைப் பார்த்திருக்கலாம். தங்கையின் உயிர் அந்தக் குச்சியில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு கேள்வி இல்லாமல், ஒரு குத்தல் இல்லாமல், வெறும் வேலைப் பேச்சாக அந்தக் குரல் வந்திருந்தது. அவள் கை தானாகக் குச்சியை எடுத்துவிட்டது.

"அன்னிக்கு பஸ்ஸு நின்னுபோச்சுடீ. பாதி வழியில நின்னுபோச்சு. அங்கேர்ந்து நடந்தேதான் வந்தேன்."

சென்னம்மா நாடாவைக் கீழே வைத்தாள். "அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா? வழி தெரிஞ்சுதான்னுதானே கேட்டே."

"நீ சொன்னாதானே தெரியும். எப்பவும் இப்பிடித்தான் நீ. ஒண்ண வாயில வச்சுக்கினு உக்காந்துடுவே. அம்மாவும் இதத்தான் சொல்லிக்கினே கெடந்துச்சு."

அதற்குப் பிறகு நடந்தது மத்தியானம் வரைக்கும் நீண்டது. அம்மாவின் வெள்ளிக் கொலுசு, ஆஸ்பத்திரியில் பார்த்த சுவர், சின்ன வயதில் உடைந்த ஒரு பொம்மை, யார் யாரை முதலில் அடித்தது, எல்லாம் வெளியே வந்தது. இருவரும் அழுதார்கள், அழுதுகொண்டே சண்டை போட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டே ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். மற்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கௌரி மட்டும் மெல்ல எழுந்து போய் டாக்டரம்மாவிடம் சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை என்று எஸ்தர் கேட்டாள். புதன் என்றாள் கௌரி.

இரண்டு நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமை இருவரும் போட்ட குச்சிகளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தகடு பார்க்க வேண்டும். அந்த ஏழு நாளும் ஊரில் சத்தமாக யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மருந்தகத்து வாசலில் நிற்க இடமில்லை. திம்மராயன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சாலம்மா தங்கையின் கையைப் பிடித்திருந்தாள். உள்ளே எஸ்தர் தகட்டை நிறுத்தினாள், திரவம் ஏறியது, அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கடைசியில் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பொட்டு தகட்டின் விளிம்பு வரைக்கும் பரவி வழிந்திருந்தது, இதுவரைக்கும் விழுந்ததிலேயே அழுத்தமான பொட்டு.

கூட்டம் மூச்சு விட்டது. எப்படி இது என்று திம்மராயன் கேட்டார். எஸ்தருக்கும் தெரியவில்லை, குடையை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவள்போலத் தலையைச் சொறிந்தாள். சென்னம்மா தகட்டை வாங்கி வெயிலில் காட்டிப் பார்த்தாள், பிறகு அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த வாரத்துக்கு நீ சீவாதே," என்றாள். "உனக்குக் குச்சி சீவவே தெரியல."

சாலம்மா தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு, இருபது வருஷமாகக் கட்டுகிறவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று தொடங்கினாள். இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே நர்சரிப் பக்கம் நடந்தார்கள்.